மூச்சைத் தடுத்த மருந்து

ஒடுகத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்றால் ரப்பர் மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைத் தூள். 1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்ற நுண்ணுயிரியலாளரின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிரித்தெடுத்த மருந்து அது. அன்றைய காசநோயாளிகளுக்கு அது உயிர்ப்பிச்சை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், பின்னாளில் அதை ஐசோனியாசிட் என்ற மற்றொரு காசநோய் மருந்தோடு சேர்த்து வாரம் இருமுறை கொடுத்துச் சோதித்தது.

அதே 1956-இல் அமெரிக்காவில் பிரிட்ஜன் என்ற மருத்துவர் ஓர் எச்சரிக்கை எழுதினார். அறுவையின்போது வயிற்றுக்குள் விட்ட நியோமைசின் நோயாளிகளின் மூச்சையே நிறுத்தியிருந்தது. அதுவும் ஸ்ட்ரெப்டோமைசின் குடும்பம்தான்.

நரம்பின் நுனிக்குள் கால்சியம் புகுந்தால்தான் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவரும். அது தசையைத் தொட்டால்தான் தசை சுருங்கும். இம்மருந்துகள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கின்றன. நெஞ்சுத் தசைக்குக் கட்டளை போய்ச் சேருவதில்லை. மயக்க மருத்துவர் கொடுக்கும் தசைத்தளர்ப்பியும் சேர்ந்தால் ஆபத்து கூடும். மூச்சு நின்ற சிலரைக் கால்சியம் ஊசி மீட்டதற்கும் அந்த வாசலடைப்பே காரணம்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்களுக்கு நரம்பும் தசையும் சேரும் இந்தச் சந்திப்பு ஏற்கெனவே பலவீனம். 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் இந்நோயாளிகளுக்கான கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. இமை தொங்குகிறதா, விழுங்கச் சிரமமா என்று இந்நோயின் அறிகுறிகளைக் கேட்காமல், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது கூடவே கூடாது. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.