கோவசூரி வந்த காலம்

வள்ளியாறு கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில், கரிய மணல் விரிந்த கரையில் அமைந்த ஊர் மணவாளக்குறிச்சி. 1909இல் ஷோம்பெர்க் என்னும் செருமானியர் இம்மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்த பின்னர் இவ்வூர்ப் பெயர் உலக வணிகர் நாவில் ஏறிற்று. அதற்கு நெடுங்காலம் முன்பே தென்திருவிதாங்கூர்க் கரையை அழையா விருந்தாக நாடி வந்துகொண்டிருந்தது ஒரு நோய். மலையாளத்தார் அதனை வசூரி என்றனர். தமிழர் அம்மை என்றனர்.

தயக்கத்தின் வரலாற்றை இப்பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். நோயைத் தாயென விளித்த மொழியில், அதனைத் தடுப்பது என்ற பேச்சே இடறும். உடலில் எழுந்த கொப்புளம் முத்து. அம்முத்துக்கு உரியவள் முத்தாரம்மன். நாஞ்சில் நாட்டில் அவளுக்குக் கோயில் இல்லாத ஊர்கள் சிலவே. மணவாளக்குறிச்சியை அடுத்த மண்டைக்காட்டுப் பகவதியின் தலவரலாறும், அம்மையும் வாந்திபேதியும் அப்பகுதியை வாட்டிய காலத்தையே பேசுகிறது. அம்மை கண்ட வீட்டில் வாயிலில் வேப்பிலை செருகுவர், தாளிதம் செய்யார், அயலாரை உள்ளே விடார், முத்து இறங்கிய பின்னரே தலைக்குத் தண்ணீர் விடுவர். இவ்விதிகளுள் சில, நோயாளியைத் தனிமைப்படுத்தும் இன்றைய முறையோடு ஒத்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆயின் நலமாயிருக்கும் குழந்தையின் கையைக் கீறி அம்மைப்பால் வைப்பது இவ்வொழுங்கில் அடங்காதது. வாராத தாயை வலிய அழைப்பதாகவே அது தோன்றியிருக்கும்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் 1796இல் மேற்கொண்ட பசு அம்மைச் சோதனையின் பயன், பாக்தாது, பாசுரா வழியாக 1802 சூனில் பம்பாயை எட்டிற்று. திருவிதாங்கூரில் இராணி கௌரி இலட்சுமிபாய் ஆட்சியில், கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1813இல் அது தொடங்கப்பெற்றது. மக்கள் அச்சம் நீங்க அரச குடும்பத்தினர் முதலில் குத்திக்கொண்டனர் என்பர். கோவசூரிப் பிரயோகம் என்பது அதற்கு வழங்கிய பெயர். பசுவின் பெயரைத் தாங்கியிருந்தும் அது எளிதில் ஏற்கப்படவில்லை.

அக்காலத்தில் மருந்து புட்டியில் வரவில்லை. ஒரு குழந்தையின் கையிலிருந்து மறு குழந்தையின் கைக்கு வந்தது. குத்தப்பெற்ற குழந்தையை எட்டாம் நாள் மீண்டும் கொணர வேண்டும். கொப்புளத்தைக் கீறி நீர் எடுத்து அடுத்த குழந்தைக்கு வைப்பர். காய்ச்சலோடு துவண்டிருக்கும் பிள்ளையை மறுபடியும் கத்திமுனைக்கு நீட்ட எந்தத் தாய் ஒருப்படுவாள்? சங்கிலி ஓரிடத்தில் அறுந்தால் பால் கெட்டுவிடும், வெப்பத்திலும் கெடும். கெட்ட பாலை வைத்துக்கொண்ட பிள்ளைக்குப் பின்னர் அம்மை கண்டால், மருந்தே பொய் என்று ஊர் முடிவு கட்டும். அம்முடிவை அறியாமை என ஒதுக்குவது நேர்மையாகாது.

இத்துடன் சாதி. இன்னார் இன்னாரிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்றிருந்த நாட்டில், ஒருவர் உடல்நீரை மற்றவர் உடலுள் செலுத்தும் முறை வந்து புகுந்தது. உயர்சாதியார் தாழ்ந்தோர் எனக் கருதப்பட்டவரின் பிள்ளையிடமிருந்து பால் ஏற்க மறுத்தனர். உயர்சாதிப் பணியாளர் தாழ்த்தப்பட்டோரைத் தீண்டத் தயங்கினர். தோள்சீலை அணியும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மக்களிடம், அரசின் ஆள் வீட்டு வாயிலில் நின்று குழந்தையின் தோளைக் காட்டு என்கிறான். வரியும் ஊழியமும் கேட்டு வந்த அதே அரசு அன்பளிப்பொன்றும் கொணர்ந்திருக்கிறது என்று அவர்கள் எதைக் கொண்டு நம்புவர்?

1879இல் அரசு ஊழியர், மாணவர், சிறைக்கைதிகள் ஆகியோர்க்கு அம்மை குத்துதல் கட்டாயமாக்கப்பட்டது. மூவகையாரும் மறுக்க இயலாத இடத்தில் இருந்தவர்கள் என்பது கருதத்தக்கது. அரசுப் பள்ளிகளின் கதவு எல்லாச் சாதியார்க்கும் அன்று திறந்திருக்கவில்லை. ஆதலின் கடற்கரையின் மீனவக் குடிலையும் பனையேறியின் குடிசையையும் அவ்வாணை எட்டியிருக்க வழி குறைவு. மணவாளக்குறிச்சிக்குத் தொலைவல்லாத நெய்யூரில் 1838இல் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணிக்கோ மக்கள் தாமே நடந்து சென்றனர். நோயுற்றவன் மருந்தைத் தேடிப் போகிறான். நலமாயிருப்பவனைத் தேடி ஊசி வருகிறது. தயக்கத்தின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது.

கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. குறளை ஆங்கிலப்படுத்தியவரென நாம் போற்றும் எல்லீசுதுரை, அம்மைப்பாலை மக்கள் ஏற்கும் பொருட்டு ஓர் உரையாடலை இயற்றினார். சக்தியும் தன்வந்திரியும் அதில் பேசுவர். பசுவின் வழியாக வந்த இம்மருந்து தேவியின் அருளே எனத் தோன்ற அது அமைந்தது. அவர் மறைந்த 1819ஆம் ஆண்டிலேயே, பழைய வடமொழி நூலில் இம்முறை உள்ளதெனச் சென்னைச் செய்தித்தாள் ஒன்று எழுதிற்று. பிற்கால ஆய்வாளர் அதனை நல்லெண்ணத்தால் விளைந்த புனைவு என்பர். மக்களின் மொழியில் பேச வேண்டும் என்று எல்லீசு கண்டது பெரிது. ஆனால் புனைவை மெய்யென நம்பச்செய்து பெறும் இசைவு எத்தனை நாள் நிற்கும் என்னும் வினாவும் அதனொடு சேர்ந்தே எழுகிறது.

அவ்வினா பழையதன்று. 2017இல் தட்டம்மை, ரூபெல்லாத் தடுப்பூசி பள்ளிகளில் போடப்பட்டபோது தமிழகமெங்கும் வதந்தி பரவிற்று. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக், கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மறைந்தார். ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என ஆய்வுக்குழு கூறியது மாதங்கள் கழித்தே. ஊராரின் அச்சம் அதற்கு முன்பே ஊன்றிவிட்டது.

வசூரியோ 1975இல் இந்தியாவை விட்டகன்றது. 1980இல் உலகை விட்டே நீங்கியதென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் கூடும் முதியோர் பலரின் மேற்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இன்றும் உண்டு. அவர்தம் பேரப்பிள்ளைகளின் கையில் அது இல்லை. சின்னம்மை கண்டால் அப்பிள்ளைகளின் வீட்டு வாயிலிலும் வேப்பிலை செருகப்படுகிறது.