காலேஜ் கிரீன் அயர்லாந்து வங்கிக் கட்டடம்

டப்ளின் நகரின் நடுவே, திரினிட்டி கல்லூரிக்கு எதிரே, காலேஜ் கிரீன் என்னும் இடத்தில் அயர்லாந்து வங்கிக் கட்டடம் உள்ளது. இது வங்கிக்காகக் கட்டப்பட்டதன்று. மேலவை, கீழவை என இரண்டு அவைகள் கூடுவதற்கென்றே திட்டமிட்டு எழுப்பப்பட்ட உலகின் முதல் நாடாளுமன்றக் கட்டடம் இதுவே எனக் கருதப்படுகிறது. ஏறத்தாழ 70 ஆண்டுகள் நாடாளுமன்றமாக இருந்த இது, 200 ஆண்டுகளுக்கும் மேலாக வங்கியாக இருந்துவருகிறது.

கட்டட அமைப்பு

முன்பு இங்கிருந்த சிச்செஸ்டர் மாளிகை பழுதடைந்ததால், 1729-இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வடிவமைத்தவர் எட்வர்ட் லோவெட் பியர்ஸ். இவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். 1731-இல் அவைகள் இங்குக் கூடத் தொடங்கின. வேலை முழுமை பெறும் முன்பே, 1733-இல், இளம் வயதில் பியர்ஸ் இறந்துபோனார்.

தெற்கு நோக்கிய முகப்பில் அயோனிக் வகைத் தூண்கள் வரிசையாக நின்று ஒரு முற்றத்தைச் சூழ்கின்றன. உள்ளே நடுநாயகமாக அமைந்தது மேலவை அன்று, கீழவைதான். எண்கோண வடிவிலான அந்த மண்டபத்தின் மேல் ஒரு குவிமாடம் இருந்தது. 1792-இல் ஏற்பட்ட தீவிபத்தில் குவிமாடம் அழிந்தது. பின்னர் மண்டபம் திருத்திக் கட்டப்பட்டது.

1780-களில் ஜேம்ஸ் காண்டன் கிழக்குப் பக்கத்தில் மேலவைப் பிரபுக்களுக்கெனத் தனி வாயில் மண்டபம் ஒன்றைச் சேர்த்தார். அதன் தூண்கள் கொரிந்திய வகையைச் சேர்ந்தவை. மேற்கு வாயில் ராபர்ட் பார்க்கின் வேலை. அங்கு மீண்டும் அயோனிக் தூண்கள். ஒரே கட்டடத்தில் இரு வகைத் தூண்கள் இருப்பதன் காரணம் இதுதான். வெளிச்சுவர்களில் சாளரங்கள் இல்லை என்றே சொல்லலாம், மாடக்குழிகளே உள்ளன. பிற்காலத்தில் பணப்பெட்டகம் வைக்க வந்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று.

நாடாளுமன்றத்தின் முடிவு

இந்த அவைகளை அயர்லாந்து மக்கள் அனைவரின் அவைகள் என்று சொல்லிவிட முடியாது. நாட்டில் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்கள் இங்கு உறுப்பினராக அமர முடியாது. 1793 வரை அவர்களுக்கு வாக்குரிமையும் இல்லை. மேலவை மண்டபத்தில் இன்றும் தொங்கும் இரண்டு பெரிய சித்திரத் திரைச்சீலைகளே இதற்குச் சான்று. ஒன்று பாயின் ஆற்றுப் போரையும் மற்றொன்று டெரி நகர முற்றுகையையும் காட்டுகின்றன. இரண்டுமே புராட்டஸ்டண்டு தரப்பின் வெற்றிகள்.

1800-இல் அயர்லாந்தைப் பிரித்தானியாவுடன் இணைக்கும் சட்டத்தை இதே அவைகள் நிறைவேற்றித் தம்மைத் தாமே கலைத்துக்கொண்டன. முந்தைய ஆண்டு கீழவையில் தோற்ற திட்டம் அது. இடைப்பட்ட காலத்தில் பட்டங்களும் பதவிகளும் தாராளமாக வழங்கப்பட்டன. கீழவைத் தலைவர் ஜான் ஃபாஸ்டர் இணைப்பைக் கடைசிவரை எதிர்த்தவர். அவையின் செங்கோலைத் திருப்பித் தர மறுத்து, அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

வங்கியாக

1783-இல் தொடங்கப்பட்ட அயர்லாந்து வங்கி, 1803-இல் 40,000 பவுண்டுக்கு இக்கட்டடத்தை வாங்கியது. விற்பனையில் அரசு மறைமுகமாக ஒரு நிபந்தனை விதித்தது: மீண்டும் விவாத அவையாகப் பயன்படாதபடி உட்புறத்தை மாற்றிவிட வேண்டும். நாடாளுமன்றம் போனாலும் அதன் நினைவு போய்விடாது என்ற அச்சமே இதற்குக் காரணம். பிரான்சிஸ் ஜான்ஸ்டன் மாற்றங்களைச் செய்தார். கீழவை மண்டபம் உருத்தெரியாமல் பிரிக்கப்பட்டது. அவரே வடிவமைத்த பெரிய பணப்பரிமாற்றக் கூடம் இன்றும் அழகு குன்றாமல் உள்ளது. ஆனால் மேலவை மண்டபத்தில் பெரிதாகக் கைவைக்கவில்லை. வங்கியின் கூட்டங்கள் அங்கு நடந்தன. முகப்பின் உச்சியில் அயர்லாந்தைக் குறிக்கும் ஹைபர்னியாவுக்கு இருபுறமும் நேர்மை, வணிகம் ஆகியவற்றின் உருவங்கள் ஏற்றப்பட்டன. வணிகம் என்பது புதிய உரிமையாளருக்குப் பொருத்தமான தெய்வம்தான்.

அரசின் அச்சம் வீணானதன்று. இணைப்பை எதிர்த்துப் போராடிய டேனியல் ஓ'கானல் 1844-இல் சிறையிலிருந்து விடுதலையானபோது, ஊர்வலம் இந்தக் கட்டடத்தின் முன் வந்ததும், பேசாமல் அதை நோக்கிக் கைநீட்டினார். கூட்டத்துக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனினும் 1922-இல் தன்னாட்சி கிடைத்தபின் புதிய நாடாளுமன்றம் இங்குத் திரும்பவில்லை. தற்காலிகமாக லெய்ன்ஸ்டர் மாளிகையில் கூடியது. பின்னர் அதுவே நிலைத்துவிட்டது. ஃபாஸ்டர் குடும்பத்தார் வசமிருந்த செங்கோல் 1937-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, அதை வாங்கியது அயர்லாந்து அரசு அன்று, அயர்லாந்து வங்கி.

1970-களில் வங்கி தன் தலைமையகத்தை வேறிடத்துக்கு மாற்றியது. காலேஜ் கிரீன் கட்டடம் ஒரு கிளையாகத் தொடர்ந்தது. 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காப்பாற்ற அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டதும், கட்டடத்தை மக்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. வங்கி அதற்கு இசையவில்லை. ஒரு பகுதியை மட்டும் பண்பாட்டு மையத்துக்கு ஒதுக்கியது. அங்கு 2018-இல் கவிஞர் ஷேமஸ் ஹீனியின் கையெழுத்துப் படிகளைக் கொண்டு அயர்லாந்து தேசிய நூலகம் கண்காட்சி ஒன்றைத் திறந்தது.