விளக்கு வந்த பிறகு

‘பாதுகாப்பு’, ‘திறன்’ என்ற இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்வது தொழில் நிர்வாகத்தின் பழக்கம். ஒன்று கூடினால் மற்றதும் தானாகவே கூடிவிடும் என்கிற தொனி அதில் இருக்கிறது. தொழிற்சங்க நண்பர்கள்கூட இதை அப்படியே ஏற்றுக்கொண்டு, நல்ல கருவி கேட்டு மனு கொடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கருவி கேட்பது தப்பில்லை. ஆனால் கருவி வந்த பிறகு என்ன நடந்தது என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு, பள்ளிக்கூடத்தில் நம்மில் பலரும் படித்த டேவி விளக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் பகுதியிலிருந்த ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் 1812 மே 25 அன்று வெடித்தது. கரிப்படுகையிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றோடு கலந்து நிற்கும். அதில் ஒரு திறந்த சுடர் பட்டால் போதும். 92 பேர் செத்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள். தீயை அணைப்பதற்காக இறங்குகுழிகளை மூடினார்கள். உடல்களை எடுக்க ஆறு வாரம் கழித்துத்தான் திறந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகள் செய்தியாவதே அங்கே அபூர்வம். 1767இல் ஒரு நியூகாசில் பத்திரிகை, இவற்றைப் பற்றி விரிவாக எழுதவேண்டாம் என்று தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என வெளிப்படையாகவே அச்சிட்டிருந்தது. ஃபெல்லிங்கில் அந்த மௌனத்தை உடைத்தவர் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார். செத்தவர்களின் பெயர்களையும் வயதையும் பட்டியலிட்டு அச்சில் கொண்டுவந்தார். என்னைப் பொறுத்தவரை விளக்கின் வரலாறு அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது.

விபத்துத் தடுப்புக்காக 1813இல் சண்டர்லேண்டில் ஒரு சங்கம் அமைந்தது. அதன் அழைப்பின்பேரில் 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கப் பகுதிக்கு வந்தார். சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை. வலை வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் வெளியே நிற்கும் வாயு பற்றாது. 1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். டேவி காப்புரிமை கோரவில்லை, அது பெருந்தன்மைதான். ஆனால் அதே 1815இல், கில்லிங்வொர்த் சுரங்கத்தில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டீஃபன்சனும் ஒரு விளக்கைச் செய்து உள்ளே கொண்டுபோய்ச் சோதித்திருந்தார். பதினெட்டு வயதுவரை எழுத்தறியாதவர் அவர். ஒரு மெக்கானிக் இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதை டேவியால் ஏற்கவே முடியவில்லை. அறிவுக்கும் அங்கே ஒரு சாதி இருந்தது.

சரி, விளக்கு வந்தது. சாவு குறைந்ததா? 1835இல் சுரங்க விபத்துகளை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒரு கணக்கை முன்வைத்தது. டர்ஹாம், நார்தம்பர்லேண்ட் பகுதிகளில் விளக்குக்கு முந்தைய 18 ஆண்டுகளில் செத்தவர்கள் 447 பேர். பிந்தைய 18 ஆண்டுகளில் 538 பேர். சுரங்கங்கள் பெருகின, ஆட்களும் பெருகினார்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஏன் பெருகின என்பதுதான் கேள்வி. வாயுவுக்குப் பயந்து தொடாமல் விட்டிருந்த படுகைகளுக்குள் விளக்கை நம்பி ஆட்களை இறக்கினார்கள். கூரையைத் தாங்க விட்டுவைத்த கரித்தூண்களையும் வெட்டினார்கள். காற்றோட்டத்துக்கான செலவைத் தள்ளிப்போட்டார்கள். உயிரைக் காப்பாற்ற வந்த பொருள், இன்னும் ஆழத்துக்குப் போவதற்கான அனுமதிச்சீட்டாகிவிட்டது.

கரி வெட்டுகிறவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் சிக்கல். அவனுக்கு வெட்டிய அளவுக்குத்தான் கூலி. வலைக்குள் இருக்கும் சுடர் மெழுகுவத்தியைவிட ரொம்ப மங்கல். வெளிச்சம் குறைந்தால் வெட்டு குறையும், கூலியும் குறையும். அதனால் சிலர் விளக்கைத் திறந்தார்கள். நிர்வாகம் இதைத் ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்று எழுதிக்கொண்டது. பிற்பாடு விளக்குக்குப் பூட்டு வந்தது, திறந்தவன்மீது வழக்கும் வந்தது. கூலி முறையை மாற்றும் யோசனை மட்டும் வரவில்லை. பலத்த காற்றோட்டத்தில் வலையைத் தாண்டிச் சுடர் வெளியே வரும், வலை துருப்பிடித்தாலும் ஆபத்து என்பதெல்லாம் விளக்கின் குறைகள். வழக்கில் நின்றவனோ மனிதன்.

அந்த 1835ஆம் ஆண்டு ஜூன் மாதமே வால்ஸெண்ட் சுரங்கம் வெடித்து 102 பேர் செத்தார்கள். விளக்கு மலிவு; இன்னொரு குழி தோண்டுவது செலவு. 1862 ஜனவரியில் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் எஞ்சினின் உத்தரம் முறிந்து விழுந்து, இருந்த ஒரே இறங்குகுழியையும் அடைத்தது. 204 பேர் மாண்ட பிறகுதான் சுரங்கத்துக்கு இரண்டு வழிகள் வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1872இல் இன்னொரு சட்டம், தொழிலாளர்கள் தங்கள் சொந்தச் செலவில் இருவரை நியமித்துச் சுரங்கத்தைப் பரிசோதிக்க வழிசெய்தது. எந்தக் கருவியையும்விட இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆபத்து எது என்று சொல்லும் அதிகாரம் முதன்முறையாகக் கொஞ்சமாவது கைமாறியது.

இது பழைய இங்கிலாந்துக் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. 1984 டிசம்பரில் போபாலில் கருவிகள் இல்லாமலா மக்கள் செத்தார்கள்? குளிரூட்டி இருந்தது, அந்த ஆண்டு ஜூனிலேயே நிறுத்தியிருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரம் இருந்தது. குழாய் அரித்துப்போய் இணைப்பில்லாமல் கிடந்தது. நச்சுவாயுப் பிரிவில் ஷிப்டுக்கு 12 பேர் இருந்த இடத்தில் 6 பேராகக் குறைத்திருந்தார்கள். செலவைக் குறைப்பதற்கு நிர்வாக பாஷையில் பெயர் ‘திறன்’. அதன்பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து பற்றி எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்தார்கள். எச்சரிக்கலாம், அவ்வளவுதான். எந்திரத்தை நிறுத்தும் உரிமை அதில் இல்லை.

எனவே நம்முடைய கோரிக்கை மனுக்களில் கருவிகளின் பட்டியலுக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கவேண்டியிருக்கிறது. கருவி வேலை செய்யவில்லையென்றால் உற்பத்தியை நிறுத்தச் சொல்வது யார்? நிறுத்திய நாளுக்குக் கூலி உண்டா? இவை இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் எந்த விளக்கும் முதலாளியின் கணக்கில்தான் எரியும்.