சோனார் இல்லாமல் ஏரியில் மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

யூடியூபில் அமெரிக்க 'பாஸ்' மீன்பிடி வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். படகு முனையில் ஒரு திரை, அதில் புள்ளி புள்ளியாக மீன்கள். அந்த சோனார் கருவி இல்லாமல் மீனைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று தோன்றும். உண்மை அப்படி இல்லை. மீன்பிடிப்பவர்களுக்கான சோனார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1950-களின் பிற்பகுதியில்தான். அதற்கு முன்பு எல்லோரும் தண்ணீரைப் பார்த்துத்தான் மீனைத் தேடினார்கள். வார இறுதியில் மைசூரு பக்கம் போகிறீர்கள் என்றால், நீங்களும் பழகலாம்.

மைசூரில் பாஸ் கிடைக்குமா?

அதை எதிர்பார்க்காதீர்கள். பாஸ் வட அமெரிக்க மீன். ஆனால் அதே குணம் கொண்ட ஒருவர் நம்ம ஊரில் இருக்கிறார்: விரால். செடி, கட்டை, நிழல் பக்கத்தில் அசையாமல் காத்திருந்து, தவளையோ சின்ன மீனோ வந்தால் பாய்ந்து பிடிக்கும். கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களும் இப்பகுதி நீர்நிலைகளில் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது?

மீனுக்குத் தேவை மூன்று: ஆக்சிஜன், இரை, ஒளிய இடம். இந்த மூன்றும் சேரும் இடத்தைத் தேடுங்கள். திறந்த நடு ஏரியைவிட ஆகாயத்தாமரை ஓரம், கால்வாய் வந்து சேரும் வாய், பாறை முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, தண்ணீரில் சாய்ந்த மரம் ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

அடுத்து காற்று. ஒரே திசையில் சில மணி நேரம் காற்று அடித்தால், மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்கள் எதிர்க்கரைக்குத் தள்ளப்படும். பின்னாலேயே சின்ன மீன், அதன் பின்னால் பெரிய மீன். மேற்குக் காற்று என்றால் கிழக்குக் கரையில் தேடுங்கள்.

நேரம் முக்கியமா?

ரொம்ப. தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில் 20 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5தான். அதனால் கோடை மதியத்தில் மீன்கள் நிழலுக்கும் ஆழத்துக்கும் போய்விடும். காலையும் மாலையும்தான் கரையோரம் வரும்.

ஒரு எச்சரிக்கை: செடி அடர்ந்த குளத்தில் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் கூட்டமாக மேலே வந்து வாய் திறந்து நின்றால், அது இரை தேடல் இல்லை. இரவு முழுக்க ஆக்சிஜன் குறைந்து மூச்சுத் திணறுகின்றன என்று அர்த்தம்.

மீன் தானாகக் காட்டிக்கொடுக்குமா?

விரால் காட்டிக்கொடுக்கும். செவுள் மட்டும் அதற்குப் போதாது, மேலே வந்து காற்றையும் விழுங்கியாக வேண்டும். 'ப்ளக்' என்ற சத்தமும் ஒரு சின்ன வளையமும் தெரியும். பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து கவனித்தால், அது சுற்றும் எல்லை புரிந்துவிடும்.

குமிழிகளையும் பாருங்கள். ஒரே இடத்தில் வந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் சேற்றிலிருந்து வரும் வாயு. பொடிக் குமிழிகள் கோடு போல நகர்ந்தால், அடியில் கெண்டை வகை மீன் சேற்றைக் கிளறுகிறது.

பறவைகள் இன்னும் சுலபம். நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி எழுந்தால், கீழே சின்ன மீன் கூட்டம் இருக்கிறது. இதைப் பார்த்துப் பழக நகருக்குள் இருக்கும் குக்கரஹள்ளி, காரஞ்சி ஏரிகள் நல்ல இடம். அங்கே தூண்டில் வேண்டாம், கண் மட்டும் போதும்.

பெரிய அணையில் ஆழம் எப்படித் தெரியும்?

கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் ஈயக்குண்டு கட்டி இறக்குங்கள். ஆழம் தெரியும். 'டக்' என்று நின்றால் பாறை, மெதுவாகப் புதைந்தால் சேறு.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. காவிரிச் செய்திகளில் கிருஷ்ணராஜசாகர் அணை நீர்மட்டம் இத்தனை அடி என்று படிக்கிறோமே, அதுவே உங்கள் வரைபடம். முழுக் கொள்ளளவு 124.80 அடி. கோடையில் மட்டம் 90 அடியாக இருக்கும்போது, நீர் விளிம்பில் தெரியும் பாறைகளையும் மரக்கட்டைகளையும் படம் எடுத்து வையுங்கள். மட்டம் 120 அடியாகும்போது அந்தப் பாறை 30 அடி ஆழத்தில் இருக்கும். இந்த அணை நீரில் மூழ்கிய கண்ணம்பாடி வேணுகோபாலசுவாமி கோயில், பின்னர் கரைக்கு மாற்றிக் கட்டப்படும் வரை, நீர் வற்றிய காலங்களில்தான் வெளியே தெரிந்தது. வறண்ட அணை, தன் அடித்தரையைத் தானே காட்டிவிடும்.

கண்டுபிடித்தால் பிடித்துவிடலாமா?

இங்கேதான் நிதானம் தேவை. மழைக்காலத்தில் கரையோரம் செம்மஞ்சள் நிறப் பொடி மீன்கள் பந்து போல நகர்வதைப் பார்க்கலாம். அவை விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். விராலைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அடையாளம் இல்லை. ஆனால் காவல் மீனைத் தூக்கினால், அந்தப் பந்து முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். பார்த்தால் நகர்ந்துவிடுங்கள்.

மைசூரின் வரலாறே இதற்குச் சாட்சி. 1946-ல் மைசூரைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மஹசீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். அப்போது சோனார் கிடையாது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மஹசீர் இனம், 2018-ல் மிக அருகிய இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அணைகள், மணல் அள்ளுதல், வெடி வைத்துப் பிடித்தல், வெளியிலிருந்து விடப்பட்ட வேறு மஹசீர் இனம் என்று காரணங்கள் பல. இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் மட்டும் ஒரு மீன் பிழைத்துவிடாது என்பதுதான் பாடம்.

போவதற்கு முன்

* மீன்வளத் துறையிடமோ குத்தகைதாரரிடமோ அனுமதி கேளுங்கள்.
* அணைச் சுவர் பக்கமும், நாகரஹொளே, பந்திப்பூர், ரங்கனதிட்டு வனப்பகுதிகளிலும் மீன் பிடிக்க வேண்டாம்.
* காவிரியிலும் கபினியிலும் முதலைகள் உண்டு. தண்ணீருக்குள் இறங்காதீர்கள்.
* பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.
* நீரின் கூச்சத்தைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி, ஒரு நோட்டுப் புத்தகம். இவ்வளவு போதும்.

தேதி, காற்றின் திசை, நீர்மட்டம், பார்த்த அறிகுறி என நான்கையும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். நாலைந்து வாரத்தில் அந்த ஏரி உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும்.