நீர் இறங்கிய கண்ணும் ஒளி செல்லும் வழியும்

கண்புரையை அரபு மருத்துவ நூல்கள் ‘அல்மாஃ’ என்றும் ‘நுஸூலுல் மாஃ’ என்றும் குறிப்பிடுகின்றன. ‘நீர்’, ‘நீர் இறங்குதல்’ என்பது பொருள். கண்மணியின் பின்னே ஒரு நீர் இறங்கி உறைந்து பார்வையை மறைக்கிறது என்பது அக்கால மருத்துவர்களின் முடிவு. இச்சொல்லே இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அருவியைக் குறிக்கும் ‘கேட்டராக்ட்’ ஆயிற்று. இன்று ஆங்கில மருத்துவரின் நாவில் புழங்குவது, நம் மதரஸா மாணவர் எவரும் அறிந்த ‘மாஃ’ என்னும் சொல்லின் நிழல்தான்.

இந்தச் சொல்லுக்குள் ஓர் ஒளியியல் பிழை ஒளிந்திருந்தது. ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் ‘கண் பற்றிய பத்து மகாலாக்கள்’ கண்ணின் நடு மையத்தில் பளிங்குத் திரவம், அதாவது வில்லை, இருப்பதாகக் கூறுகிறது. கிரேக்க மருத்துவரான ஜாலினூஸைப் பின்பற்றி, பார்க்கும் ஆற்றலின் இருப்பிடமும் அதுவே எனக் கொண்டனர். வில்லை நடுவில் இருந்தால் அதற்கு முன்னே பெரியதோர் இடைவெளி வேண்டும். நீர் தங்குவது அங்கேதான் என்று நம்புவதில் தடையில்லை. பார்வையே வில்லையில் நிகழ்கிறது என்றால், கெட்டுப்போனது வில்லைதான் என்று யார் துணிவார்? ஊசியால் புரையைக் கீழே தள்ளிய மருத்துவர் நீரைத் தள்ளுவதாகவே எண்ணினார். உண்மையில் அவர் தள்ளியது வில்லையை.

வரலாற்றின் வியப்பான ஒரு சந்திப்பு இங்கே நிகழ்கிறது. எகிப்தில் ஃபாத்திமிய கலீஃபா அல்ஹாகிம் ஆட்சி செய்த காலம் (ஹிஜ்ரி 386-411, கி.பி. 996-1021). மவ்ஸில் நகரத்தவரான அம்மார் இப்னு அலீ, தம் ‘அல்முன்தகப்’ நூலை அவர் ஆட்சியில் எழுதினார். உலோகத்தால் ஆன துளையுள்ள ஊசியைக் கண்ணுள் செலுத்திப் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை அதில் விவரித்தார். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸமும் அதே கலீஃபாவின் அழைப்பில் அதே நாட்டுக்கு வந்தவர். ஏழு மகாலாக்கள் கொண்ட அவரது ‘கிதாபுல் மனாழிர்’ ஒளியியலுக்குப் புதிய அடித்தளமிட்டது. ஒருவர் கையில் ஊசி. மற்றவர் கையில் ஒளியின் கணக்கு.

இப்னுல் ஹைஸம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று மேடைகளில் முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. பார்வையின் இருப்பிடம் வில்லை என்பதில் அவரும் முன்னோரையே பின்பற்றினார். விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதைக் கெப்ளர் 1604இல் விளக்கினார். புரை என்பது மங்கிப்போன வில்லையே என்பதை 1705இல் பிரிஸ்ஸோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு சடலத்தின் கண்ணை அறுத்துக் காட்டினார். 1747இல் தாவியேல் வில்லையை வெளியே எடுத்தார். இப்னுல் ஹைஸமின் நிலைத்த கொடை வேறு: விழிவெண்படலத்தின்மீது செங்குத்தாக விழும் கதிர் வளையாமல் செல்லும், சாய்ந்து விழுவது முறிந்து செல்லும் என்பதைக் கண்ணின் அமைப்போடு பொருத்திப் பார்த்தது. இன்றைய லேசர் கருவியின் தலையாய சிக்கலும் இந்த முறிவுதான்.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798-1832) காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள், நோயாளிகளின் கண் ஓவியங்களுடன் சரசுவதி மகாலில் உள்ளன. சென்னையில் 1819இல் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. பின்னாளில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த எலியட், ஊர் ஊராகத் திரிந்தவர்கள் ஊசியால் புரை தள்ளியதில் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து, முதல் உலகப் போர்க் காலத்தில் தனி நூலே எழுதினார். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனையும், 1992இல் அதன் சார்பில் எழுந்த ஆரோலேப் நிறுவனமும் கண்ணுள் வைக்கும் வில்லையை ஏழைக்கும் எட்டச் செய்தன.

2008இல் புடாபெஸ்ட்டில் நாஜ் என்னும் மருத்துவர் ஃபெம்டோ லேசரைக் கொண்டு புரை அறுவையைச் செய்தார். ஒரு வினாடியைப் பத்துக் கோடிக் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் கூறு ஒரு ஃபெம்டோ வினாடி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்புகள் ஒரு நுண்புள்ளியில் குவிந்து திசுவைப் பிரிக்கின்றன. வில்லையுறையின் முன்புறம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டப்படுகிறது, வில்லை துண்டாடப்படுகிறது. துண்டுகளை உறிஞ்சி எடுப்பது இன்றும் மருத்துவரின் கைதான். ‘லேசர் என்றால் கத்தி இல்லை’ என்னும் மக்கள் நம்பிக்கை முழு உண்மையன்று.

இந்தத் துல்லியம் எதனால் கெடும்? சேர்வராயன் மலையில் ஏறியவர்களுக்கு விடை எளிதில் புரியும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டை அடையும்போது மூடுபனி இறங்கினால், வண்டியின் முகப்பு விளக்கு எதிரே வெண்சுவராக நிற்கும். விளக்கின் ஆற்றல் குறைந்துவிடவில்லை, ஒளி சிதறிவிட்டது. விழிவெண்படலத்தில் தழும்போ வீக்கமோ இருந்தால் லேசருக்கும் இதுவே நேர்கிறது. குவியப்புள்ளியில் ஆற்றல் போதாமல், வட்டத்தில் வெட்டப்படாத இடங்கள் எஞ்சுகின்றன. முதியோரின் கருவிழி ஓரத்தில் காணும் வெண்வளையமும் அதன்மேல் விழும் கதிரைச் சிதறடிக்கக்கூடும். ஆனால் மூடுபனியோடு ஒப்புமை ஓரளவுக்குத்தான். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும். படலத்தின் நுண்ணிழைகளோ சிறியவை; அங்கே நீண்ட அலைநீளம் குறைவாகவே சிதறும். ஏறத்தாழ 1,030 நானோமீட்டர் ஒளி இப்பணிக்கு ஏற்றதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது முறிவு. கண்ணின் ஒளிமுறிப்பு ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு விழிவெண்படலத்தைச் சார்ந்தது. காற்றுக்கும் அதற்கும் உள்ள அடர்த்தி வேறுபாடே அதற்குக் காரணம். கருவிக்கும் கண்ணுக்கும் இடையே திரவத்தை நிரப்பினால் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்து கதிர் நேராகச் செல்லும். திடமான கண்ணாடியை வைத்து அழுத்தினாலோ படலத்தில் மடிப்புகள் எழுந்து, அவற்றின் கீழே வெட்டு தப்பிவிடுகிறது. மடிப்புகளைக் கண்டபின் வளைந்த, மென்மையான இடைமுகங்கள் வந்தன.

ஆழத்தை அளப்பது இன்னும் நுட்பமானது. கருவி அறிவது ஒளி கடந்த வழியின் நீளத்தை. அதை ஊடகத்தின் முறிவெண்ணால் வகுத்தால்தான் உண்மைத் தொலைவு கிடைக்கும். முன்னறை நீருக்கு 1.336, வில்லைக்குச் சராசரியாக 1.41 எனக் கொள்வோம். 4.5 மில்லிமீட்டர் பருமனுள்ள வில்லையை நீரின் எண்ணால் வகுத்துவிட்டால் பின்னுறை கால் மில்லிமீட்டர் தள்ளித் தோன்றும். பின்னுறைக்கு முன்னே பொதுவாக விடப்படும் பாதுகாப்பு இடைவெளியே அரை மில்லிமீட்டர் அளவுதான். அவ்வுறையின் தடிமனோ மில்லிமீட்டரில் சில ஆயிரத்தொரு கூறுகள்.

பாவை விரியாத கண், சாய்ந்திருக்கும் வில்லை, முற்றிய கரும்புரை ஆகியவையும் தடைகளே. உட்கார்ந்திருந்தவர் மல்லாந்து படுத்தால் கண் தன் அச்சில் சில பாகை சுழல்வதுண்டு. அச்சுத் திருத்தமுள்ள வில்லையைப் பொருத்துவதற்கு அதுவே போதிய பிழை. ஆகவே நோயாளியை உட்கார வைத்தே மையால் புள்ளியிடும் பழைய வழக்கம், விலையுயர்ந்த கருவிகள் உள்ள இடத்திலும் மறைந்துவிடவில்லை.

இத்தனைக்கும் பிறகு பயன் என்ன? 2020இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வெளியான பெரிய ஆய்வுகள், வழக்கமான அறுவையைவிட லேசர் முறை சிறந்த பார்வையைத் தந்ததாகக் காட்டவில்லை. பிரெஞ்சு ஆய்வில் செலவும் அதிகம். ஏற்காட்டின் காப்பித் தோட்டத்திலிருந்து சேலத்துக்கு இறங்கிவரும் முதிய தொழிலாளிக்கு, தேர்ந்த கை செய்யும் சிறு கீறல் அறுவையும் சரியாக அளக்கப்பட்ட வில்லையும் போதும். அந்த அளவெடுப்பும் ஒளிமுறிவின் கணக்கே.