மரபுத்தொடருக்குள் இருக்கும் படம்



கலும்பாங் பக்கத்துத் தோட்டப்புற மாணவன் ஒருவன் ஆங்கிலக் கட்டுரையில் "நிப் த ஐஸ்பெர்க் இன் த பட்" என்று எழுதியிருந்தான். பனிப்பாறையை மொட்டிலேயே கிள்ளுவதாம்! கேட்டால், "ரெண்டுமே நீங்க கொடுத்த பட்டியல்ல இருக்கே சார்" என்றான். அவன்மேல் தப்பில்லை. பட்டியலைக் கொடுத்தோம், உள்ளே இருக்கும் படத்தைக் காட்டவில்லை. "நம்ம முளையிலேயே கிள்ளுறதுதான் இது" என்று சொல்லியிருந்தால் பனிப்பாறை பக்கம் போயிருக்க மாட்டான்.

ஆங்கிலமே தாய்மொழியானவர்களும் இதில் சறுக்கியதுண்டு. 18ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சர் பாயில் ரோச், 'எலி வாடை வருகிறது, அது வானில் மிதக்கிறது, அதை மொட்டிலேயே கிள்ளுவேன்' என்று முழங்கியதாகச் சொல்வார்கள். சூழ்ச்சியைச் சந்தேகிப்பதைத்தான் ஆங்கிலத்தில் எலி வாடை என்பார்கள். எலி, மேகம், மொட்டு மூன்றும் ஒரே வாக்கியத்தில் மோதிக்கொண்டன.

நம் பாட்டன்மார் துரைமாரின் 'லைன்ஸ்' என்ற சொல்லை 'லயம்' ஆக்கினார்கள். வரிசை வீடு கண்ணெதிரே நின்றதால் பொருள் குழம்பவில்லை.

நம்மிடமிருந்து போன ஒரு சொல்லின் கதை வேறு. பறை என்ற இசைக்கருவியை ஒட்டிய ஒரு சமூகத்தின் பெயர், ஆங்கிலத்தில் 'பரையா' ஆகி, ஒதுக்கப்பட்டவர் எவரையும் குறிக்கும் உருவகமாயிற்று. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி, அதன் மூலப்பொருள் பறை அடிப்பவர் என்றே பதிவு செய்கிறது. படம் மறைந்தது, இழிவு மட்டும் நின்றது.

அந்தச் சொல்லின் வலியை நம் நாடும் கண்டது. அப்துல்லா ஹுசேனின் 'இன்டர்லோக்' நாவல் 2011இல் சிலாங்கூர் உட்படச் சில மாநிலங்களில் படிவம் 5 மாணவர்களுக்கு இலக்கிய நூலானது. நாவலில் அந்தச் சொல் இருந்ததால் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் நூலை மீட்டுக்கொள்வதாக அரசு அறிவித்தது.

ஆகவே, 'சோஷியல் பரையா' என்ற தொடர் பாடத்தில் வந்தால் பொருளை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள். "இது யாரோட பேரு தெரியுமா?" என்று கேளுங்கள். கலந்த உருவகம் சிரிப்போடு போய்விடும். ஒரு சமூகத்தின் பெயரை வசைச்சொல்லாக்கினால், அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை தலைகுனியும்.