கால்வாயும் வாக்குச் சீட்டும்: ஒரு மாநகர் மன்றம் நமக்குச் சொல்லும் வரலாறு



நாடாளுமன்றம் கூடினால் அது முதல் பக்கச் செய்தி. சட்டமன்றம் கூடினால் இரண்டாம் பக்கச் செய்தி. மாநகர் மன்றம் கூடினால்? பெரும்பாலும் செய்தியே இல்லை. ஆனால் நம் வீட்டு முன் ஓடும் கால்வாய், தெரு விளக்கு, குப்பைத் தொட்டி, பூக்கடை உரிமம், தீபாவளிச் சந்தைக்கான இடம், பிள்ளைகள் விளையாடும் திடல் ஆகிய அனைத்தும் முடிவாவது அந்தச் செய்தியில்லாத கூட்டத்தில்தான்.

மாதந்தோறும் நடக்கும் முழு மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் தூக்கம் வரும். சென்ற கூட்டக் குறிப்பை உறுதி செய்தல், நிதிக்குழு அறிக்கை, உரிமக்குழு அறிக்கை, கட்டட வரைபட அனுமதி, துப்புரவு, குத்தகை. இவ்வளவுதான். "இதில் என்ன வரலாறு இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நம் நாட்டு மக்களாட்சியின் முதல் பாடம் எழுதப்பட்டதே இந்தச் சலிப்பூட்டும் நிகழ்ச்சி நிரலில்தான். அந்தப் பாடம் பாதியில் நின்றுபோனதும் அங்கேதான். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுன்.

வரி முதலில், வாக்கு பிறகு

பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கொடி ஏறியது 1786-இல். ஆள் கூடியது, கடை கூடியது, சேறும் கூடியது. சாலை போடவும் கால்வாய் வெட்டவும் பணம் வேண்டுமே! 1800-ஆம் ஆண்டு வாக்கில் வீடு, கடைகளை மதிப்பிட்டு வரி விதிப்பதற்காகவே ஒரு குழு அமைக்கப்பட்டது. இன்று நாம் ஆண்டுக்கு இருமுறை கட்டுகிறோமே, மதிப்பீட்டு வரி, மலாய் மொழியில் 'சுக்காய் பிந்து', அதாவது கதவு வரி, அதன் மூதாதை அதுதான். ஆக, நம் ஊராட்சி முறை பிறந்ததே வரி வசூலிப்பதற்காக.

வரி கட்டுகிறவன் ஒரு நாள் கணக்குக் கேட்பான். இது இயற்கை. 1857-இல் ஜார்ஜ்டவுனில் நகராண்மை ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரி கட்டியவர்களுக்குக் கிடைத்தது. வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மிகக் குறைவு என்பது உண்மைதான். என்றாலும் மலாயாவில் தேர்தல் என்ற ஒன்று முதன்முதலில் நடந்தது விடுதலைக்காக அல்ல, சாலைக்கும் சாக்கடைக்கும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அந்த உரிமை நீடிக்கவில்லை. 1913-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலை நீக்கிவிட்டு, ஆளுநர் நியமிக்கும் ஆணையர்களைக் கொண்டு வந்தது. அடுத்த 38 ஆண்டுகள் ஜார்ஜ்டவுன் மக்கள் வரி மட்டும் கட்டினார்கள்.

நாட்டின் அரசியலுக்கே முன்னோட்டம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காற்று மாறியது. 1950-இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் வாக்குப்பதிவு. மொத்தம் 15 இடங்களில் ஒன்பது இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். அதில் ஆறு இடங்களை ராடிக்கல் கட்சி பிடித்தது.

இரண்டரை மாதம் கழித்து, 1952 பிப்ரவரி 16-இல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் நடந்தது. அதில்தான் அம்னோவும் மசீசவும் முதன்முறையாகக் கைகோத்தன. 12 இடங்களில் ஒன்பதை வென்றன. டத்தோ ஓன் ஜாஃபாரின் மலாயா சுதந்திரக் கட்சி தோற்றது. அப்போது ஓன் ஜாஃபார் பக்கம் நின்ற மஇகா, 1954-இல் கூட்டணியில் சேர்ந்தது. பல்லாண்டுகள் இந்த நாட்டை ஆண்ட கூட்டணி அரசியல் ஒரு நகராண்மைத் தேர்தலில்தான் முளைவிட்டது. கால்வாய்க்காக நடந்த தேர்தல் நாட்டின் தலையெழுத்தையே எழுதியது!

ஜார்ஜ்டவுன் அதோடு நிற்கவில்லை. 1956-இல் அதன் மன்ற உறுப்பினர்கள் அனைவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆனார்கள். 1957 ஜனவரி 1-இல், நாடு சுதந்திரம் அடைவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பே, எலிசபெத் அரசியாரின் சாசனத்தால் அது மாநகரமானது.

1958 முதல் 1961 வரை அந்த மாநகரின் மேயராக இருந்தவர் ஒரு தமிழர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். பினாங்கில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சாலையில் நாள்தோறும் கார் ஓட்டிச் செல்லும் நம் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர் யார் என்று தெரியும்?

அந்தக் காலத்து மாநகர் மன்றம் வெறும் குப்பை அள்ளும் இலாகா அல்ல. தண்ணீர் அதன் கையில், மின்சாரம் அதன் கையில், பேருந்தும் அதன் கையில். 1962-இல் திறக்கப்பட்ட ஆயர் ஈத்தாம் அணையைக் கட்டியது மாநகர் மன்றம்தான். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று மக்களுக்குத் தெரியும். பதில் சொல்லாவிட்டால் அடுத்த தேர்தலில் என்ன செய்வது என்றும் தெரியும்.

நிறுத்தி வைக்கப்பட்ட தேர்தல்

கடைசி ஊராட்சித் தேர்தல்கள் 1963-இல் நடந்தன. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த வேளையில், 1965 மார்ச் மாதம் அவசரகால விதியின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம்தான், நிலைமை சீரானதும் தேர்தல் திரும்பும் என்றே துங்கு அப்துல் ரஹ்மான் அரசாங்கம் சொன்னது. 1966 ஆகஸ்ட் மாதம் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மன்றங்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தன என்று சொல்ல முடியாது. சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட், மலாக்கா எனப் பல ஊர்களில் முறைகேட்டுப் புகார்கள் எழுந்து, மன்றங்களை மாநில அரசுகள் எடுத்துக்கொண்டன. 1966-இல் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் பொறுப்புகளும் மாநில முதலமைச்சர் கைக்குப் போயின. இந்த மன்றங்களில் பல, எதிர்க்கட்சிகளின் கையில் இருந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

தமிழர் தலைமை ஏற்ற ஆணையம்

இந்தக் குழப்பத்தை ஆராய 1965-இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைமை ஏற்றவர் மஇகாவைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன். ஆணையம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 1968 டிசம்பரில் அறிக்கையை ஒப்படைத்தது.

அரசாங்கம் நியமித்த ஆணையம், ஆளுங்கூட்டணியைச் சேர்ந்த தலைவர். அரசாங்கத்துக்குப் பிடித்ததைச் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆணையம் அப்படிச் செய்யவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களில் குறைகள் உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தனை குறைகளோடும் பார்த்தால்கூட, நியமன மன்றத்தைவிடத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே மேல் என்ற முடிவைச் சொன்னது. வரி கட்டுகிறவனுக்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதே அதன் சாரம்.

அறிக்கை வெளியானது 1971-இல். அதற்குள் 1969 மே 13 கலவரம் நடந்து முடிந்து, நாட்டின் மனநிலையே மாறியிருந்தது. தேர்தல் பற்றிய பரிந்துரையை அரசாங்கம் ஏற்கவில்லை. 1973-இல் ஓர் இடைக்காலச் சட்டம் வந்தது. 1976-இல் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, நிரந்தரமாக வந்தது. ஊராட்சித் தேர்தலுக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

தென்கரையிலும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. 1957 டிசம்பரில் சிங்கப்பூர் மாநகர் மன்றத் தேர்தலில் 32 இடங்களில் 13 இடங்களை மக்கள் செயல் கட்சி வென்றது. ஓங் எங் குவான் மேயரானார். 1959-இல் தன்னாட்சி வந்ததும் மன்றத்தின் வேலைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1963-இல் தண்ணீரும் மின்சாரமும் எரிவாயுவும் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. சிறிய தீவுக்கு இரண்டு அரசாங்கம் எதற்கு என்பது அவர்கள் வாதம். நம் நாடு தீவு அல்லவே!

இன்றைய மன்றம்

இன்று மலேசியாவில் 150-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. சட்டம் 171-இன்படி ஒரு மன்றத்தில் மேயர் அல்லது தலைவரோடு எட்டு முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அனைவரையும் நியமிப்பது மாநில அரசு. தலைநகர் கோலாலம்பூரிலோ உறுப்பினர்களே கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் அங்கே 1961-லேயே கலைந்துவிட்டது.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவர முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டமே இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடம் தரவில்லை. 2018-இல் ஆட்சி மாறியபோது பேச்சு மீண்டும் எழுந்தது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இனப்பிளவு வளரும் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் மறுத்துவிட்டார். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. செலவும் உண்டு. ஆனால் மக்கள் கேள்வி கேட்க வழியே இல்லாத மன்றத்தால் இனப்பிளவு குறைந்துவிடுமா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2023-இல் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் மேயராக ஏ. இராஜேந்திரன் நியமிக்கப்பட்டபோது நம்மவர்கள் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். இராமநாதனை அந்த நாற்காலிக்கு அனுப்பியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். இராஜேந்திரனை நியமித்தது மாநில அரசு. இடையில் மாறியது மேயரின் தகுதியோ இனமோ அல்ல, நம் கையில் இருந்த சீட்டு.

நமக்கு என்ன வேலை?

தேர்தல் இல்லை என்பதற்காக நமக்கு உரிமையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பலருக்குத் தெரியாத சில வாசல்கள் அதே சட்டங்களில் திறந்தே இருக்கின்றன.

முதலாவது, சட்டம் 171-இன் 23-ஆவது பிரிவு. மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை என்கிறது அது. குறிப்பிட்ட ஒரு விஷயத்துக்காக மன்றமே தீர்மானம் போட்டு மூடினால் தவிர, நீங்களும் நானும் போய் உட்காரலாம். குழுக் கூட்டங்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

இரண்டாவது, மதிப்பீட்டு வரி. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தயாரிக்கப்பட வேண்டும்; மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டிக்கலாம். உங்கள் வீட்டின் மதிப்பு அதிகம் என்று தோன்றினால், பட்டியலைத் திருத்துவதற்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். காப்பிக் கடையில் புலம்புவது ஆட்சேபம் ஆகாது!

மூன்றாவது, நம் சமூகத்துக்கு மிக முக்கியமானது. 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தின் நில வரைவுத் திட்டம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் தரப்பட வேண்டும். தோட்டம் தாமானாக மாறும்போது எந்த நிலம் வீட்டுக்கு, எந்த நிலம் கடைக்கு, எந்த நிலம் வழிபாட்டுத் தலத்துக்கு என்று வண்ணம் தீட்டப்படுவது அந்த வரைபடத்தில்தான். கோயிலை உடைக்க இயந்திரம் வந்து நிற்கும் நாளில் நாம் திரண்டு அழுகிறோம். ஆனால் அந்த நிலத்துக்கு வேறு வண்ணம் தீட்டிய நாளில், மன்றத்தின் முகப்பிடத்தில் அந்த வரைபடம் நான்கு வாரம் காத்திருந்ததே, அப்போது நம் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் எங்கே இருந்தன? இந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டத்தின் 10-ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்தில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். ஊராட்சி அனுபவமோ, தொழிலில் சிறப்போ, தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லும் ஆற்றலோ அவர்களுக்கு வேண்டும். ஆகவே நம் வட்டாரத்து இந்திய உறுப்பினர் யார், அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், சென்ற கூட்டத்தில் என்ன பேசினார் என்று விசாரிப்பது அவமரியாதை அல்ல. அவர் நமக்குக் கடமைப்பட்டவர். பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்வதோடு நம் வேலை முடிவதில்லை.

1857-இல் ஜார்ஜ்டவுன்வாசிகள் தங்கள் வரிக்குக் கணக்குக் கேட்டார்கள். 1968-இல் ஆதி நாகப்பன் ஆணையம் அதே கணக்கை மக்களுக்காகக் கேட்டது. இன்று வரி கட்டுவது நாம். வாக்குச் சீட்டு திரும்பி வரும்போது வரட்டும். அடுத்த மாதம் உங்கள் மன்றத்தின் முழுக் கூட்டம் எந்தத் தேதி என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு வையுங்கள். முடிந்தால், ஆலய நிர்வாகத்திலிருந்து ஒருவரையும் குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து ஒருவரையும் அழைத்துக்கொண்டு போய் அமருங்கள். பார்வையாளர் இருக்கையில் ஆள் இருந்தால், பேசுகிறவர்களின் பேச்சில் பொறுப்பு கூடும்.